அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரே மானிட்டர்

நாத்தனார் வந்து இறங்கிய அன்று அவள் கையில் ஒரு துணிப்பெட்டியும் கக்கத்தில் ஒரு கணினியும் இருந்தன. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதோடு சுற்றிக் கட்டிய கீபோர்டு, மவுஸ். மானிட்டர் இல்லை. "அது பெரிசு, தூக்க முடியல" என்றாள். புருஷனை விட்டு ஏன் வந்தாள் என்பதற்கு அந்த அளவுகூட விளக்கம் கிடைக்கவில்லை. "ஒத்து வரல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

அண்ணன்காரனுக்கு அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது. "பாப்பா வந்துட்டா, இனிமே இங்கதான் இருப்பா" என்று மனைவியிடம் அறிவித்துவிட்டு, ஹாலில் கட்டில் போட இடம் பார்க்க ஆரம்பித்தான். முப்பது தாண்டிய தங்கையை அவன் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

அண்ணிக்கு அந்த இரண்டு சொல் போதவில்லை. ஒத்து வராமல்தான் ஊரில் பாதிப் பேர் குடும்பம் நடத்துகிறார்கள். மாப்பிள்ளை குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை, பேசினால் பதவிசாகப் பேசுவார். அப்புறம் என்ன ஒத்து வரவில்லை? சொன்னால்தானே தெரியும். கேட்டால் நாத்தனார் வாயில் பூட்டு. அண்ணியின் கணிப்பில் அது திமிர்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நாத்தனார் அண்ணியைவிட ஒரு வயது மூத்தவள். முறைக்கு அவள்தான் அண்ணி என்று கூப்பிட்டாக வேண்டும். கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் பல்லில் சிக்கிய நாரை எடுத்துப் போடுகிற மாதிரி அந்தச் சொல்லை வெளியே எடுத்தாள். கூடவே ஒரு 'நீங்க', ஒரு 'வாங்க'. மரியாதையாலேயே ஒருவரை அடிக்க முடியும் என்று அண்ணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீடு மூன்றாவது மாடியில். ஒரு படுக்கையறை, ஒரு ஹால், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் திரும்ப முடியாத சமையலறை. ஹாலில் தூணுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு அளவெடுத்து அண்ணியே வரைந்து செய்வித்த மேசை ஒன்று அங்கே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவள் ஒரு மரச்சாமான் கடைக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறவள். வாடிக்கையாளர்களின் சமையலறைக்கு எந்த இடத்தில் அலமாரி, எந்த இடத்தில் இழுப்பறை என்று திரையில் வரைந்து, வீடியோவில் அவர்களுக்குக் காட்டி, சம்மதம் வாங்க வேண்டும். அதற்காகக் கடையிலிருந்து ஒரு பெரிய கணினியும் அகலமான மானிட்டரும் கேமராவும் கொடுத்திருந்தார்கள்.

நாத்தனாரின் வேலையும் வீட்டிலிருந்துதான். ஏதோ ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு வரும் தொலைபேசிப் பேச்சுகளைக் காதில் மாட்டிக் கேட்டு, வரி வரியாகத் தட்டெழுதி அனுப்ப வேண்டும். சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் அந்தப் பேச்சு வேறொருவருக்குப் போய்விடும்.

மேசையில் இரண்டு மானிட்டர் வைக்க இடமில்லை. வேறு மேசை போட ஹாலில் இடமில்லை. இருந்த இடத்தைக் கட்டில் எடுத்துக்கொண்டது. அண்ணன்காரன் லிப்ட் மெக்கானிக். உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் ஒரு சாமான் இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்பது அவன் கொள்கை. தேடி, ஒரு சின்ன டப்பாவோடு வந்தான். மேலே ஒரு பட்டன், பக்கத்தில் இரண்டு விளக்குகள், பின்னால் வயர் செருக ஏகப்பட்ட ஓட்டைகள்.

"ரெண்டு கம்ப்யூட்டரும் மேசைக்கு அடியில இருக்கட்டும். மேல ஒரே மானிட்டர், ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ். பட்டன ஒரு தடவ அமுக்கினா உன்னுது. இன்னொரு தடவ அமுக்கினா பாப்பாவுது. ஒண்ணு முன்னால இருக்கும்போது இன்னொண்ணு பின்னால அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், நிக்காது" என்று மனைவியிடம் விளக்கினான். "மத்தியானம் வரைக்கும் நீ, அதுக்கப்புறம் அவ. சண்டைக்கே எடமில்ல, பாரு."

மானிட்டர் அண்ணியுடையது, கீபோர்டும் மவுஸும் நாத்தனாருடையவை. அண்ணியின் பழைய கீபோர்டில் இரண்டு எழுத்து விழாது என்பதால் இந்த ஏற்பாடு. சண்டைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது மறுநாளே தெரிந்துவிட்டது.

நாத்தனார் இடது கைக்காரி. அவள் எழுந்து போனால் மவுஸ் இடது பக்கம் கிடக்கும். அண்ணி அதை எடுத்து வலது பக்கம் வைப்பாள். வைப்பதோடு நிற்காமல் 'டொக்' என்று வைப்பாள். நாத்தனார் நாற்காலியை உயர்த்திவிடுவாள், அண்ணி உட்கார்ந்தால் கால் தரையில் படாது. அண்ணி மானிட்டரின் வெளிச்சத்தைக் கண் கூசும்படி ஏற்றி வைத்துவிட்டு எழுவாள். நாத்தனார் கைக்குப் பூசும் களிம்பு எழுத்துகளின் மேல் பிசுபிசுவென்று இருக்கும். அண்ணி ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து, நாத்தனார் பார்க்க, ஒவ்வொரு எழுத்தாகத் துடைப்பாள்.

பால் பொங்குகிறதென்று அண்ணி எழுந்து ஓடினால், திரும்பி வரும்போது திரையில் நாத்தனாரின் வேலை இருக்கும்.

"நான் எழுந்து போகலையே. பால் பாக்கப் போனேன்."

"எனக்கெப்படித் தெரியும் அண்ணி? நாற்காலி காலியா இருந்துச்சு, உக்காந்துட்டேன்."

"நாற்காலி காலியா இருந்தா உக்காந்துடுவியா? நாளைக்கு என் கட்டில் காலியா இருந்தா?"

"கட்டில் எனக்கெதுக்கு அண்ணி, நீங்களே வச்சுக்கங்க."

அண்ணி பட்டன் மேல் காகிதம் ஒட்டி 'தொடாதே' என்று எழுதினாள். நாத்தனார் பட்டனைத் தொடவே இல்லை. கீபோர்டிலேயே ஒரு விசையை இரண்டு தடவை தட்டினாலும் டப்பா மாறும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். அண்ணி அதைத் தெரிந்துகொண்ட அன்று இரண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஒருவருக்கொருவர் பேசாமல், அண்ணன்காரன் வழியாகப் பேசினார்கள்.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, இது என் வீடுன்னு."

"அண்ணா, அண்ணிகிட்ட சொல்லு, எனக்கு ஞாபகம் இருக்குன்னு. மறந்தாலும் அவங்க மறக்க விட மாட்டாங்க."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அண்ணன்காரன் தலையைக் குனிந்து சாப்பிட்டான். "டப்பாவ வேணா மாத்திட்டு வரவா?" என்று மட்டும் கேட்டான்.

இப்படியே போயிருந்தால் இது எல்லா வீட்டிலும் நடக்கிற சண்டையோடு சண்டையாகப் போயிருக்கும். அந்தப் பல் டாக்டரம்மாவால்தான் விஷயம் வேறு மாதிரி ஆனது.

டாக்டரம்மா புதிதாக வீடு கட்டியவர். சமையலறையில் உயர அலமாரியை எந்தச் சுவரில் வைப்பது என்று அவரால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அண்ணி இடது சுவரில் வைத்துக் காட்டினாள். "வலது பக்கம் பாப்போமா" என்றார். வலது பக்கம் வைத்துக் காட்டினாள். "இடதே தேவலையோ" என்றார். கடை மேனேஜரும் அந்த வீடியோவில் ஒரு மூலையில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தார். பெரிய வேலை அது. கைவிட்டுப் போகக் கூடாது என்று காலையிலேயே எச்சரித்திருந்தார்.

மத்தியானம் ஆகி, நாத்தனாரின் முறை வந்துவிட்டது. அன்று அவளுக்கு வந்திருந்த பேச்சு நீளமானது. நேரத்துக்கு அனுப்பியாக வேண்டும். கேமராவில் படாத தூரத்தில் நின்று கையைக் காட்டினாள். அண்ணி தலையைத் திருப்பாமல், ஈயை ஓட்டுவதுபோல் கையை ஆட்டினாள். நாத்தனார் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நின்றாள். மறுபடியும் ஈ ஓட்டல். அந்தக் கை ஆட்டல்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து, காகிதத்தின் மேலேயே பட்டனை அமுக்கினாள்.

திரையிலிருந்து டாக்டரம்மா போனார், மேனேஜர் போனார், அலமாரி போயிற்று. சத்தமும் நின்றது. நாத்தனாரின் பாதி எழுதிய வரிகள் வெள்ளையாக வந்து நின்றன.

அண்ணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? எவ்ளோ பெரிய ஆர்டர் தெரியுமா அது? புருஷன் வீட்டுல பொழைக்கத் தெரியல, அடுத்தவ பொழப்பக் கெடுக்க மட்டும் நல்லாத் தெரியுது! வாழாவெட்டியா வந்து ஒண்டிக்கிட்டு, இதுல கொழுப்பு வேற! ஏற்கெனவே அந்தப் பல்லு டாக்டரு ஒரு அலமாரிய எங்க வைக்கிறதுன்னு தெரியாம காலையிலேர்ந்து என் உசுர வாங்குது. அது பத்தாதுன்னு நீ ஒருத்தி!"

நாத்தனாரின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மானிட்டரின் தலையில் உட்கார்ந்திருந்த கேமராவை மட்டும் விரலால் காட்டினாள்.

"லைட்டு எரியுது" என்றாள்.

கேமராவின் வயர் டப்பாவுக்குப் போகவில்லை. நேராக அண்ணியின் கணினிக்குப் போயிற்று. மைக்கும் அதிலேயே இருந்தது. திரை மாறியதே தவிர, பின்னால் எல்லாம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாத்தனாரே மறுபடியும் பட்டனை அமுக்கினாள். டாக்டரம்மா திரும்ப வந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மேனேஜர் சிரிக்கவில்லை.

"அலமாரி எங்க வேணும்னு முடிவு பண்ணிட்டேன்மா" என்றார் டாக்டரம்மா. "எங்கயுமே வேணாம்."

அன்று சாயங்காலமே மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இனி வாடிக்கையாளர்களிடம் பேச வேறொருவர் இருப்பார். அண்ணி நேரில் போய்ச் சமையலறைகளை அளந்துவந்து கொடுத்தால் போதும். மறுநாளிலிருந்து அவள் அளவு டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெயிலில் தெருத் தெருவாக அலைந்தாள். மேசை நாள் முழுக்க நாத்தனாருக்குக் கிடைத்தது.

"நான் சந்தோஷப்படலன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள் நாத்தனார், அண்ணி செருப்பு மாட்டும்போது. "சந்தோஷமாத்தான் இருக்கேன்."

ஆனால் அண்ணி சொன்ன வார்த்தையை அண்ணனிடம் அவள் சொல்லவில்லை. அதுதான் அண்ணியைக் குடைந்தது. இன்றைக்குச் சொல்வாள், நாளைக்குச் சொல்வாள் என்று ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் உப்பு கேட்டாள், தண்ணீர் கேட்டாள், அண்ணனின் வேலையைப் பற்றி விசாரித்தாள். சொல்லவில்லை. நல்லெண்ணத்தால் சொல்லாமல் இருக்கிறாளா, கத்தியைத் தீட்டிக்கொண்டு இருக்கிறாளா என்று தெரியாமல் அண்ணிக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

"கோவத்துல ஏதோ ஒரு வார்த்த சொல்லிட்டேன்."

"என்ன வார்த்த?"

சொன்னாள். அவன் கை விரல்களில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதை நிறுத்தினான். கத்தவில்லை. அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், அதோடு முடிந்திருக்கும்.

"பாப்பாகிட்ட மன்னிப்புக் கேளு" என்றான்.

ஹாலில் நாத்தனார் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, கால்மேல் கால் போட்டுக் கேட்டாள். அண்ணி சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ."

"எதுக்கு? நான் கேட்டதுக்கா, அந்த டாக்டரம்மா கேட்டதுக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

"இல்ல அண்ணி. அவங்க கேக்காம இருந்திருந்தா நீங்க இப்ப இங்க நின்னுருக்க மாட்டீங்க. வெளிய கேக்காதுன்னு நெனச்சுச் சொன்னீங்க பாருங்க, அதுதான் உங்க மனசு. எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம். மனசு தெரிஞ்சுபோச்சு, அது போதும்."

"சொன்னா மனசு தெரியும்னா நீ மட்டும் ஏன் எதுவுமே சொல்ல மாட்டேங்கிற? வந்த நாள்லேர்ந்து 'ஒத்து வரல, ஒத்து வரல.' எங்களுக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

"உங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

அண்ணன்காரன் இருவருக்கும் நடுவில் வந்து நின்றான். "இந்த டப்பாவுல ஒரு வயர மாத்திப் போட்டா கேமராவும் சேந்தே மாறிடும். அப்புறம் இந்த மாதிரி..."

"டப்பாவப் பத்திப் பேசாதீங்க!" என்றாள் அண்ணி.

"டப்பாவப் பத்திப் பேசாத!" என்றாள் நாத்தனார், அதே மூச்சில்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள். வீட்டில் என்ன நடந்தாலும் கடைக்குப் போய் ஏதாவது சாமான் வாங்கி வந்து விடுகிறவன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்காதவன், ஒருத்தி அழுதால் பேட்டரி மாற்றுகிறவன் என்று அண்ணி எடுத்துக் கொடுக்க, நாத்தனார் சின்ன வயதுச் சம்பவங்களோடு அதை நிரூபித்தாள். அந்த வீட்டில் அவர்கள் ஒத்துப்போன ஒரே மாலை அது. மறுநாள் பழையபடி மவுஸ் இடது பக்கம் இருந்தது.

சில வாரங்கள் கழித்து, நாத்தனார் போட்டிருந்த விவாகரத்து வழக்கில் சமரசப் பேச்சுக்கு ஒரு தேதி வந்தது. நேரில் வரத் தேவையில்லை, வீடியோவிலேயே பேசலாம் என்றார்கள். அந்தத் தேதிக்காக அவள் ரொம்ப நாளாகக் காத்திருந்தாள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கேமரா வயரைத் தன் பெட்டிக்கு மாற்றிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அண்ணி அன்று அளக்கப் போன வீடு பூட்டியிருந்தது. வெயிலில் நின்று பார்த்துவிட்டு, பாதி நாளிலேயே திரும்பி வந்தாள். சாவி போட்டுக் கதவைத் திறந்தவள் ஹாலில் குரல்கள் கேட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

நாத்தனார் அவளைப் பார்த்துவிட்டாள். அவள் இடது கை மட்டும் மவுஸை விட்டு நகர்ந்து, டப்பாவின் மேல் போய், பட்டனை முழுக்க மூடிக்கொண்டது.

அண்ணிக்குச் சுருக்கென்றது. அமுக்குகிற எண்ணம் அவளுக்கு இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். கதவைத் திறந்து, திரையில் முகங்களைப் பார்த்த அந்தக் கணத்தில், 'இப்போ நான் அமுக்கினா எப்படி இருக்கும்?' என்று நிஜமாகவே அவளுக்குத் தோன்றியது. தோன்றியது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

திரையில் மூன்று முகங்கள். சமரசம் பேசுகிற அதிகாரி, வயதான பெண், தனிக் கட்டத்தில். இன்னொரு கட்டத்தில் மாப்பிள்ளை. அவன் தோளை இடித்துக்கொண்டு அவனுடைய அண்ணன், தலையில் பாதி கட்டத்துக்கு வெளியே.

"வீட்ட விட்டு வந்ததுக்கு என்ன காரணம்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டாள். தட்டெழுதிய ஒன்றைப் படிப்பதுபோல ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னாள்.

"அவரு வெளிய போறப்ப கதவ வெளிப்பக்கம் பூட்டிட்டுப் போவாரு. சாவி ஒண்ணுதான், அது அவர்கிட்ட. கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான். ஒரு நாள் அடுப்படியில துணி பத்திக்கிச்சு. சின்னத் தீதான், தண்ணி ஊத்தி அணைச்சிட்டேன். ஆனா வீடு பூரா புகை. ஜன்னல் கம்பியில மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரு வர்ற வரைக்கும் நின்னேன். வந்து, சுவரு கறுத்துப்போச்சேன்னு திட்டினாரு. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு காலையில பூட்ட மறந்துட்டாரு. வந்துட்டேன்."

மாப்பிள்ளை கீழே பார்த்தான். அவன் அண்ணன் சிரித்தான்.

"அம்மா, எங்க ஏரியா அவ்வளவு சரியில்ல. பாதுகாப்புக்குப் பூட்டினத இப்படிப் பேசுறா. சரி, இப்ப எங்க இருக்கா? கூடப் பொறந்தவன் வீட்டுல. அந்த அண்ணிக்காரிக்கும் இவளுக்கும் தெனம் சண்டன்னு எங்க காதுக்கும் வருது. எத்தன நாளைக்கு வச்சுப்பாங்க? இன்னும் கொஞ்ச நாள்ல அவங்களே வெளிய தள்ளிருவாங்க. தானா வந்து சேருவா. எங்களுக்கு அவசரமில்ல, காத்திருக்கோம்."

அண்ணி செருப்பைக் கீழே போட்டாள். இத்தனை நாளும் அவள் போட்ட சண்டையெல்லாம் யாருக்கு உதவியாக இருந்தது என்று அப்போது புரிந்தது. அவளுக்கு நாத்தனார் மேல் பாசம் பொங்கவில்லை. கோபம்தான் பொங்கியது. தன் வாயை நம்பி இன்னொருவன் அங்கே உட்கார்ந்து காத்திருக்கிறான் என்ற கோபம். நேராகப் போய், நாத்தனாரின் தோளை ஒதுக்கி, கேமராவுக்கு முன்னால் குனிந்தாள்.

"நான்தான் அந்த அண்ணிக்காரி."

"போங்க அண்ணி" என்றாள் நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தனியாத்தான் இருக்கேன்னு சொன்னாங்களே?" என்றார் அதிகாரி.

"தனியாத்தான் இருந்தா. நான் இப்பத்தான் வந்தேன். எங்க வீட்டுல ஆளுக்கு ஒரு சாவி. இவகிட்டயும் ஒண்ணு இருக்கு." மாப்பிள்ளையின் அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள். "ஐயா, உங்க காதுக்கு வந்ததெல்லாம் உண்மதான். எனக்கும் இவளுக்கும் ஆகாது. இவ பேசுறது புடிக்காது, பேசாம இருக்கிறது அதவிடப் புடிக்காது. இவ டக்கு டக்குன்னு தட்டுற சத்தம் கேட்டா எனக்குத் தலைவலி வரும். சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் இவளச் சொல்லியிருக்கேன். ஆனா ஒரு நாளும் வெளிப்பக்கம் பூட்டிட்டுப் போனதில்ல. இவள வெளிய தள்ளுவேன்னு உங்களுக்கு யாரு சொன்னா? நான் சொன்னேனா? என் வீட்டுல நான் யாரோட சண்ட போடணும்னு நான் முடிவு பண்ணிக்கிறேன். நீங்க காத்திருக்க வேணாம், வேலயப் பாருங்க."

"இந்தம்மா யாருங்க நடுவுல?" என்று மாப்பிள்ளையின் அண்ணன் குரலை உயர்த்தினான்.

"அண்ணே, விடு" என்றான் மாப்பிள்ளை. அவன் பேசியது அது ஒன்றுதான்.

அதிகாரி கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். அவங்க உங்க வீட்டுல தொடர்ந்து இருக்கிறதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்காம்மா?"

"நெறைய இருக்கு" என்றாள் அண்ணி. "ஆனா இருப்பா."

மூன்றாவது மனிதர் குறுக்கே வந்துவிட்டதால் இன்றைக்குத் தொடர முடியாது, வேறு தேதி தருகிறேன், அன்றைக்கு இரண்டு பக்கமும் தனியாகத்தான் வர வேண்டும் என்று சொல்லி அதிகாரி பேச்சை முடித்தார். திரை வெறுமையானது. நாத்தனாரின் கை இன்னும் பட்டன் மேலேயே இருந்தது.

"கைய எடு. நான் அமுக்கவா வந்தேன்?"

"உங்கள நம்ப முடியுமா?"

"முடியாதுதான்."

நாத்தனார் கையை எடுத்தாள். எழுந்தாள்.

"யாரு உங்கள வரச் சொன்னா? இந்தத் தேதிக்கு எவ்ளோ நாளா காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா? இன்னிக்கே முடிஞ்சிருக்கும். பெரிய நியாயம் பேசுற மாதிரி வந்து, எல்லாத்தையும் கெடுத்துட்டு... அதுலயும் 'புடிக்காது, புடிக்காது'ன்னு பட்டியல் வேற! அங்க போய் அதச் சொல்லணுமா?"

"அப்போ பொய் சொல்லச் சொல்றியா? எனக்கு இவள்னா உசுருன்னு?"

"சும்மா இருக்கச் சொல்றேன்!"

"நீ சும்மா இருந்து கிழிச்சத பாத்தேனே! கதவப் பூட்டினான்னு வந்த அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? வாயில முத்தா உதிர்ந்துடும்?"

"சொல்லியிருந்தா? மேசைய விட்டுக் குடுத்திருப்பீங்களா?"

அண்ணி யோசித்தாள். "மாட்டேன்" என்றாள். "ஆனா அந்த வார்த்தையச் சொல்லியிருக்க மாட்டேன்."

நாத்தனார் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அண்ணி சமையலறையில் டீ போட்டாள். ஒரு டம்ளரை மேசையில், கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளியே வந்த நாத்தனார் அதைப் பார்த்து, "கீபோர்டு மேல கொட்டினா யாரு பொறுப்பு?" என்று கேட்டுவிட்டு, டம்ளரை ஜன்னல் விளிம்புக்கு மாற்றி வைத்துக் குடித்தாள்.

அடுத்த தேதியில் மாப்பிள்ளை தனியாக வந்து உட்கார்ந்தான். அண்ணியைக் கீழே அனுப்பிவிட்டுத்தான் நாத்தனார் கணினியையே திறந்தாள். மாப்பிள்ளை ஒன்றையும் மறுக்கவில்லை, பிரிவதற்குச் சம்மதித்தான். அவளுடைய சான்றிதழ்களும் துணிமணிகளும் ஒரு வண்டியில் வந்து இறங்கின. மானிட்டரும் வந்தது. வழியில் அடிபட்டு, நடுவில் ஒரு விரிசலோடு. அண்ணன்காரன் அதைச் சரிசெய்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனவன், அதைப் பற்றி அப்புறம் பேச்செடுக்கவில்லை.

அண்ணிக்குப் பதிலாகக் கடையில் வீடியோவில் பேச வைத்த ஆள், ஒரு வாடிக்கையாளரின் அடுப்புக்கு நேர் மேலே இழுப்பறை வரைந்து கொடுத்துவிட்டான். மேனேஜர் அண்ணியைக் கூப்பிட்டார். "பழையபடி பேச வாங்க. ஆனா வீட்டுல கதவச் சாத்திட்டுப் பேசுங்க" என்றார்.

ஆகவே அண்ணிக்குக் காலை நேரத்தில் மறுபடியும் மேசை வேண்டியிருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்து பழகிய நாத்தனார் விடுவதாக இல்லை.

அன்று அண்ணன்காரன் பக்கத்துத் தெருவில் ஒரு லிப்டைப் பழுது பார்த்துவிட்டு, சாப்பிட வீட்டுக்கு வந்தான். இரண்டாவது மாடி திரும்பும்போதே மேலே சத்தம் கேட்டது.

"மத்தியானம் வரைக்கும் என்னுதுன்னு பேச்சா இல்லையா?"

"அது அப்போ அண்ணி. நீங்களா விட்டுட்டுப் போனீங்க."

"விட்டுட்டா போனேன்? நீ போக வச்ச!"

"போக வச்சது உங்க வாயி!"

"என் வாயால ஒனக்கு நல்லதும் நடந்திருக்கு, மறந்துடாத!"

"அதச் சொல்லிக் காட்டாம ஒரு நாளாவது இருந்திருக்கீங்களா?"

அண்ணன்காரன் படியிலேயே உட்கார்ந்து, கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டான். இரண்டாவது மாடிக்காரர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"என்னங்க, மேல ஏதாவது பிரச்னையா? யாரையாவது கூப்பிடணுமா?"

"ஒண்ணுமில்ல சார்" என்றான் அவன். "எங்க வீடுதான். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."